விமானிகளுக்கு ஒரு பூசை

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அறுபதுகளின் தொடக்கத்தில் அது இன்னும் மோசம். சிவகாசி ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, விருதுநகரில் வீடு, பாதி ஆயுசு பஸ்ஸில் நின்றே கழிந்தது. பட்டாசு சீசன் வந்தால் தீக்காயக் கேஸ்கள் ஒன்று மாற்றி ஒன்று வரும். வீட்டுக்கு வந்தால் அம்மா தபால்காரரை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா இல்லை. தம்பி விமானப் படையில் சேர்ந்து வடக்கே பயிற்சிக்குப் போயிருந்தான்.

தம்பிக்கு ஒரு விசித்திரப் பழக்கம். எந்த நாட்டு விமானி இறந்ததாகப் பேப்பரில் வந்தாலும் பெயரை ஒரு நோட்டில் எழுதிவைப்பான். கடலைத் தாண்டப் போய்த் திரும்பாதவர்கள், புது விமானத்தைச் சோதித்துப் பார்க்கும்போது விழுந்தவர்கள், பேரும் புகழுமாக வாழ்ந்து கட்டிலில் கண்ணை மூடியவர்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். செய்தியையும் வெட்டி, சோற்றுப் பருக்கையால் ஒட்டிவைப்பான். ஊர்ப் பையன்கள் சினிமாப் படம் சேர்க்க, இவன் செத்தவர்களைச் சேர்க்கிறானே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

கிளம்பும் அன்று அந்த நோட்டை என்னிடம் கொடுத்தான். "எக்கா, கல்லறைத் திருநாளுக்கு நம்ம கோயில்ல இவுக பேரையும் வாசிக்கச் சொல்லு. இந்தப் பக்கம் இவுகளுக்கு யாரு மெழுகுதிரி ஏத்தப் போறா?"

எங்கள் மாதா கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதிக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் இறந்தவர்களின் பெயரை எழுதி, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடம் கொடுப்போம். அன்று பூசைக்கு முன்னால் அவர் எல்லாப் பெயரையும் சத்தமாக வாசிப்பார், எல்லோரும் வேண்டிக்கொள்வோம். தனித் தாளில் எழுதிக் கொடுப்பதுதான் முறை. எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நோட்டையே அவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன். அவர் அந்த ஜூன் மாதம்தான் மாறி வந்தவர். தம்பியை அவருக்குத் தெரியாது.

முதல் பக்கத்தின் மேலே, நோட்டு யாருடையது என்று தெரிவதற்காகத் தம்பி தன் பெயரை எழுதியிருந்தான். பக்கத்தில் 'விமானி' என்றும் போட்டிருந்தான். படையில் எடுப்பதற்கு முன்பே தானாகச் சூட்டிக்கொண்ட பட்டம் அது. உபதேசியார் அதிலிருந்தே தொடங்கினார். பின்னால் வந்த வெள்ளைக்காரப் பெயர்களைக் கடித்துத் துப்பிய மனிதர், எங்கள் வீட்டுப் பெயரை மட்டும் கணீரென்று வாசித்தார்.

அம்மா அழவில்லை. என் பக்கம் திரும்பி, "ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

மூன்று வாரமாகக் கடிதம் வரவில்லை. அதனால் தம்பி செத்த செய்தியை நான் மறைத்துவிட்டேன் என்றே முடிவு செய்துவிட்டாள். நோட்டைப் பிடுங்கிவந்து முதல் வரியைக் காட்டினேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எதைக் காட்டி என்ன? என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

தம்பிக்குத் தந்தி அடித்தேன். அன்றும் மறுநாளும் துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரையும் வாசலில் மறித்துச் சண்டை போட்டேன். "மொதல்ல இப்பிடித்தான் நம்ப மாட்டாக," என்று பக்கத்து வீட்டுக்காரி என் காது படவே சொன்னாள். மறுநாள் மத்தியானத்துக்கு மேல் எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. பெயரை வாசித்ததால் ஒருவன் செத்துவிடுவானா என்று என்னை நானே திட்டிக்கொண்டே தபாலாபீசுக்கும் வீட்டுக்குமாக நடந்தேன்.

மூன்றாம் நாள் காலை பதில் வந்தது. நலம், என்ன விஷயம் என்று இங்கிலீஷில் ஒரே வரி. அம்மா அதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

உபதேசியார் பதறிக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்டார். பெயரை வாசித்த அதே இடத்தில் நின்று, பையன் உயிரோடிருக்கிறான் என்று அவர் சொல்லியாக வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் பாவம், அவரும் சொன்னார். கோயிலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்த நோட்டை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"மத்தவுகளையும் ஒருக்கா நல்லாப் பாரு. இதே மாதிரி தப்பா யாராச்சும் இருப்பாக. அவுக அம்மாவுக்கு ஒரு தந்தி அடிச்சுருவோம்."

எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது எனக்கு. ஆனாலும் ஒவ்வொரு பெயராக, ஒட்டியிருந்த செய்தியோடு சேர்த்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவள், "நல்லாப் பாத்தியா?" என்று கேட்டாள். கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். ஒருவர்கூட உயிரோடில்லை.