மஞ்சள் செவ்வரத்தைக்கு வந்த போன்

"செடி தாறவை சும்மா தரமாட்டினம், கவனம்" என்று அம்மா சொன்னா. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படித்தவள் நான். என்னை யார் ஏமாற்றுவது என்று சிரித்தேன். ஆனாலும் அந்தச் சொல் மனதில் ஒட்டிக்கொண்டது.

செடி மாற்றும் வட்ஸ்அப் குழுவில் பழக்கமான பரீனா ஆன்ட்டி, என் சாதாரண கற்பூரவள்ளித் தண்டுக்குப் பதிலாக அருமையான மஞ்சள் அடுக்குச் செவ்வரத்தைக் கன்று தந்தார். பிறகு அடிக்கடி போன். "மகள், செடி தழைச்சா? போட்டோ அனுப்புங்க." எதற்கு இத்தனை விசாரணை? முதல் பூ விரிந்ததை நான் சொல்லவேயில்லை.

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு வாசலில் கத்தரிக்கோலோடு வந்து நின்றார்.

"திருப்பிக் கேக்க வந்தனீங்களோ?"

"சீ, ஒரு கொப்பு போதும் மகள். என்ட மரத்த மாவுப்பூச்சி திண்டுட்டு. இப்படி நடந்தா கேட்டு எடுக்கத்தான் நாலு வீட்டுல குடுத்து வெச்சேன். மத்ததெல்லாம் பட்டுப்போச்சு. உங்கடது மட்டும்தான் மிச்சம்."

பல்கனியில் செடியைக் கண்டதும் அவர் கண் கலங்கியது. நல்ல கொப்பாகப் பார்த்து நானே வெட்டிக் கொடுத்தேன்.

சந்தேகப்படும் குணம் இன்னும் என்னை முழுதாக விடவில்லை. ஆனாலும் நேற்று இன்னொரு கொப்பை வெட்டி, குழுவில் கேட்டிருந்த, கொட்டாஞ்சேனையில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருத்தருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.