தொட்டால்தான் கழியும்

மாடிப்படியில் பிள்ளையோடு யார் எதிர்ப்பட்டாலும் செனைதா வழியை மறித்துக்கொண்டு நிற்பாள். காய்கறிப் பையை இடது கைக்கு மாற்றுவாள். வலது கையைப் பாவாடையில் ஒரு தேய்ப்புத் தேய்ப்பாள். "வடிவு, வடிவு" என்பாள். அழகு என்று சொல்ல எங்கள் கட்டடத்துப் பெண்களிடம் பொறுக்கிக்கொண்ட தமிழ். சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கை பிள்ளையின் உச்சந்தலையில் இருக்கும். பாவாடையில் தேய்த்த கை கழுவிய கை ஆகாது. முதல் நாளிலிருந்தே எனக்கு அது பிடிக்கவில்லை.

எல் சல்வடோர் நாட்டுக்காரி. இந்த இத்தாலிய ஊரில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால், பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற எங்கள் கட்டடத்தில், உச்சி மாடி அறை அவளுடையது. லிபெர்த்தாத் தெருவில் ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீற்றி, பின்னேரம் திரும்புவாள். கட்டையான உடம்பு, அகன்ற பாதம். மணிக்கட்டில் சிவப்பு நூல். அதில் மானின் கண்போல ஒரு கறுத்த விதை. கைப்பையை ஒருநாளும் நிலத்தில் வைக்கமாட்டாள், காசு ஓடிவிடுமாம். நெரிசலான பஸ்ஸிலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நிற்பாள். வாசல் கூட்டும்போது தும்புத்தடி காலில் பட்டால் கலியாணம் நடக்காது என்று துள்ளி விலகுவாள்.

"உனக்கு இனி என்ன கலியாணம்?" என்று கேட்டேன்.

"நடக்காது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது, அக்கா?" என்றாள். நாங்கள் கதைப்பது இத்தாலியத்தில். அவள் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

மற்றவர்களுக்கு அவள் முட்டைக்காரி. காய்ச்சல்காரப் பிள்ளையின் உடம்பெல்லாம் பச்சை முட்டையை உருட்டி, கிளாஸ் தண்ணீரில் உடைத்து ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். வெள்ளைக்கரு நூல்நூலாக எழும்பினால் கண்ணூறு. அவளுடைய தாய் அப்படித்தான் பார்த்தாளாம், தாயின் அக்காமாரும்.

"எப்பவாவது எழும்பாமல் இருந்ததோ?"

யோசித்தாள். "பழைய முட்டை எண்டால் எழும்பாது."

அவளுடைய சிஞ்ஞோராவும் தட்டில் தண்ணீர் விட்டு, ஒலிவ் எண்ணெய் சொட்டிக் கண்ணூறு பார்க்கிறவளாம். இரண்டு பேருக்கும் நல்ல ஒற்றுமை. அந்த வீட்டில் மருந்தை யார் கவனிக்கிறார்கள் என்று கேட்டேன். "மருந்து மருந்து, முட்டை முட்டை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் நம்பவில்லை.

தொடுவதற்கு அவளிடம் ஒரு விளக்கம் இருந்தது. ஒரு பிள்ளையைப் பார்த்து ஆசைப்பட்டால் உடனே தொடவேண்டும். தொட்டால் கண் கழிந்துவிடும். தொடாமல் போனால், பார்த்த பார்வை பிள்ளைக்குள் தங்கி அதை வாட்டும். நம் ஆட்களின் சட்டம் வேறு: கன்னத்தில் கறுத்தப் பொட்டு வை, வாய்விட்டுப் புகழாதே, பிறத்தியாரின் கை படவிடாதே. கழிக்கிறேன் என்று அவள் நீட்டிய கையை, கண் வைக்கிறாள் என்று நம் பெண்கள் பார்த்தார்கள். அவளைக் கண்டதும் பிள்ளையை மற்றப் பக்கம் திருப்பினார்கள். அவள் இன்னும் எட்டித் தொட்டாள்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். ஒருநாள் துணி காயப்போடும்போது சொன்னாள்: குழந்தையின் உச்சிக்குழி உள்ளே விழுந்துவிட்டால், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உள்ளங்காலில் தட்டவேண்டும், குழி எழும்பிவிடும். ஒரு துவாயைத் தூக்கிச் செய்தும் காட்டினாள். உடம்பில் நீர் வற்றினால்தான் அந்தக் குழி விழும் என்றேன். "அதுவும் இருக்கலாம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறாள் என்று காது கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் மாதம், சிரொக்கோ காற்று அடித்து ஊர் அடுப்பாகக் கிடந்த கிழமை. கீழ்மாடியில் இருக்கிற வேணுகாவின் கைக்குழந்தை ஜெனனியைப் படியில் கண்டு செனைதா "வடிவு" என்றாள். கை நீளுவதற்குள் வேணுகாவின் மாமி நாகபூசணி பிள்ளையைப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த நாள் பிள்ளைக்கு வாந்தி, வயிற்றோட்டம்.

"அன்ரி, ஒருக்கா வந்து பாருங்கோ. பால் குடிக்குதில்லை" என்று வேணுகா என்னைக் கூப்பிட வந்தாள்.

வீட்டுக்குள் புகை. நாகபூசணி தாச்சியில் செத்தல் மிளகாயும் உப்பும் போட்டுக் கருக்கிக்கொண்டிருந்தாள். "பாத்தியளே அக்கா, நெடியே இல்லை. அவ்வளவு கண்! முட்டைக்காரியின்ர கண்தான்." எனக்குக் கண் எரிந்துகொண்டிருந்தது. அடுப்பை நூர்த்து, யன்னலைத் திறந்தேன். பிள்ளையின் நாக்கு வறண்டிருந்தது. அழுகிறது, கண்ணீர் இல்லை. பம்பேர்ஸ் காலையிலிருந்து காய்ந்து கிடக்கிறது. உச்சிக்குழி விரல்நுனி வைக்கலாம்போல உள்ளே போயிருந்தது.

அப்போது கதவு தட்டுப்பட்டது. "அக்கா, திறவுங்கோ! நான் பாத்திட்டன், ஆசைப்பட்டிட்டன், தொட விடேல்லை. என்னாலைதான் வந்தது."

"கேட்டியளே, தானே சொல்லுறாள்!" என்றாள் நாகபூசணி.

கதவை ஒரு சாண் திறந்து, பின்னால் காலை வைத்துக்கொண்டேன். "கையிலை என்ன?"

முட்டை.

"அதைப் படியிலை வை. தொட்டுப்போட்டு வேறை என்ன செய்யப்போறாய்?"

அவள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "குழி விழுந்திட்டுது" என்றாள். அவளுடைய இரண்டு கைகளும் தாமாக மடங்கின, சின்னக் கணுக்கால்களைப் பிடிக்கிறமாதிரி. கதவைச் சாத்தினேன்.

"ஆஸ்பத்திரி. இப்பவே" என்றேன். பொலிதேயாமாப் பக்கம் வேலையில் இருந்த கணவன் ஜெயரூபனுக்கு வேணுகா போன் அடித்தாள். காரோடு தெருமுனைக்கு வருவதாகச் சொன்னான்.

நாகபூசணி கதவுக்குக் குறுக்கே நின்றாள். "அவள் வெளியிலை நிக்கிறாள். அவள் போனாப் பிறகு கொண்டுபோங்கோ."

"அவள் போகமாட்டாள். பிள்ளை தாங்காது."

"இன்னொருக்காக் கண் பட்டால் பிள்ளை மிஞ்சாது, அக்கா!"

"மாமி, தள்ளுங்கோ!" வேணுகா மாமியிடம் அப்படிக் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பிள்ளைக்கு என்ன ஆனது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேலைன் ஏற்றினார்கள், தேறிவிட்டது, இப்போது கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. முட்டையாலும் இல்லை, மிளகாயாலும் இல்லை. அந்த வீட்டில் இதை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் பிள்ளையை வலது தோளில் போட்டுக்கொண்டேன். "செனைதா, விலகு. நாங்கள் இறங்கப்போறம்" என்று உள்ளேயிருந்தே சொன்னேன். எனக்குப் பின்னாலிருந்து நாகபூசணி தனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் கத்தினாள்: "பாக்காதை! என்ர பிள்ளையைப் பாக்காதை!"

கதவைத் திறந்தேன். செனைதா சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். கண்களை இறுக மூடியிருந்தாள். இமை முழுக்கச் சுருக்கம். வலது கை மட்டும் படிக்குக் குறுக்கே, பிள்ளையின் தலை வரக்கூடிய உயரத்தில், விரித்தபடி நீண்டிருந்தது. அது பிடிக்கிற கை அல்ல. பிடிக்க வந்தால் தட்டிவிட என் இடது கை தயாராக இருந்தது. நான் நடையைக் குறைக்கவில்லை, ஒதுங்கவும் இல்லை. ஜெனனியின் தலைமயிர் அந்த விரல்நுனிகளில் உரசியது. உரசிய உடனே, கண்ணைத் திறக்காமலே, செனைதா அந்தக் கையைப் பொத்தித் தன் நெஞ்சுக்குள் எடுத்துக்கொண்டாள்.