சம்பளத்தில் பிடிக்காதீங்க

ஜெயராசா ஒரு காலத்தில் முதலாளிக்கு ஐம்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். மகளின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கியது. பதுளை பஜாரில் முதலாளியின் மொத்த வியாபாரக் கம்பனியில் மூட்டை தூக்கி, மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கவிட்டு அடைத்தார். அடைத்த அன்று, "பிடிக்கிறத நிறுத்தாதீங்க முதலாளி. உங்க கையிலயே சேரட்டும்" என்றார். கடன் போன வழியிலேயே மாதா மாதம் சேமிப்பும் முதலாளியிடம் போனது.

நமுனுகுல தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, மூன்றாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டு, எட்டுப் பேரை வேலை வாங்கும் ஸ்டோர் பொறுப்பாளராக உயர்ந்த ஆள் அவர். பதுளையில் அவரைத் தெரியாத லொறிக்காரன் கிடையாது. "பேங்க்காரனுக்கு என் மூஞ்சி தெரியுமா? முதலாளிக்குத் தெரியும்" என்று சிரிப்பார். அந்தக் காசை நம்பித்தான் ஹல்துமுல்லையில் ஏழு பேர்ச் காணிக்கு முன்பணம் கொடுத்திருந்தார். மாதக் கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் காணியும் போச்சு, முன்பணமும் போச்சு.

ஒரு திங்கட்கிழமை காலை கம்பனிக் கதவில் வங்கியின் பூட்டுத் தொங்கியது. கம்பனி கடனில் மூழ்கி வங்குரோத்து. முதலாளியின் போன் வேலை செய்யவில்லை. வேலையிழந்தவர்கள் ஜெயராசாவையே பார்த்தார்கள்.

"என்ன பெரியவரே, முதலாளி உங்க கைக்குள்ளன்னு சொன்னீங்க?" என்றான் மூட்டை தூக்கும் விஜேந்திரன்.

"பொறுடா. நான் பார்க்காத கஷ்டமா?"

குரல் நிமிர்ந்துதான் வந்தது. விரல் முதலாளியின் நம்பரை மறுபடி மறுபடி அழுத்தியது.

வங்கியிலிருந்து வந்தவர், முதலாளியிடம் விட்டுவைத்த காசுக்கு அத்தாட்சி கேட்டார். "என் வாய் வார்த்தைதான் ஐயா" என்றார் ஜெயராசா. வங்கிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். விஜேந்திரன் வேலை தேடிக் கொழும்புக்கு பஸ் ஏறினான். வீட்டில் மனைவி சந்திரகாந்தி, புது வீட்டில் அடுப்படியை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டாள். ஜெயராசா சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

ஊரே 'நானா' என்று அண்ணன் முறையில் கூப்பிடும் காணிக்காரர் றஹீம் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஜெயராசா அவரிடம் போய் உள்ளதைச் சொன்னார்.

"காணி எங்க ஓடப் போகுது அண்ணே? எனக்கும் ஸ்டோருக்கு ஆள் வேணும். வேலைக்கு வாங்க, மீதிய மாசா மாசம் சம்பளத்துல பிடிச்சுக்கிறேன்."

பிடிக்கிற பேச்சைக் கேட்டதும் ஜெயராசா ஓரடி பின்வாங்கினார்.

"வர்றேன் நானா. ஆனா பிடிக்காதீங்க. அன்னைக்குக் கூலிய அன்னைக்கே கையில தாங்க. காணிக் காச நானே கொண்டாந்து கட்டுறேன்."

"அட, என்னையுமா நம்பல?"

"மூட்ட தூக்குறதுல என்னைய மாதிரி பதுளையில ஒருத்தன் இருந்தா காட்டுங்க. ஆனா பயமா இருக்கு நானா."

"சரி அண்ணே, அப்பிடியே ஆகட்டும்" என்றார் றஹீம். அன்றைக்கே ஜெயராசா சீனி மூட்டை இறக்கினார். கடை சாத்தும் நேரத்தில் கல்லாவுக்கு முன்னால் நின்று கையை நீட்டினார். றஹீம் சத்தமாக எண்ணி, ஒவ்வொரு நோட்டாக அதில் வைத்தார்.