கால் நழுவும் கவராயம்

கவராயம் வாங்கப் போகிறவர்கள் முதலில் அதைத் தலைகீழாகப் பிடியுங்கள். ஒரு காலை மட்டும் விரல்களுக்குள் வைத்துக்கொண்டு, மற்றக் காலை அரைவாசி விரித்து, லேசாக உலுக்குங்கள். விரித்த கால் விரித்த இடத்திலேயே நின்றால் மேற்கொண்டு பாருங்கள். தொங்கி விழுந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்துக்கு மூட்டை மூட்டையாக வந்த கவராயங்களை யாராவது ஒருவர் இப்படி உலுக்கிப் பார்த்திருந்தால் என் தங்கச்சி இன்றைக்குத் தன் சொந்த வீட்டில் இருந்திருப்பாள்.

நான் கடற்கரைப் பக்கத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படவரைஞராக இருந்தேன். வீடு, மதகு, பள்ளிக்கூடக் கட்டடம் என்று எதற்கெல்லாம் படம் வேண்டுமோ அதையெல்லாம் கீறுகிற வேலை. எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒடுங்கின மணல். நடுவே பெரிய தெரு. தெருவுக்கு வாவிப்பக்கம் என் வீடு, கடற்பக்கம் தங்கச்சி வீடு. இரண்டும் அம்மா கட்டித் தந்தவை. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்கு வீடு கட்டாமல் கலியாணம் பேச ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். கட்டிக்கொள்கிற மாப்பிள்ளை பெண்ணின் வீட்டில் வந்து குடியிருப்பான். தங்கச்சியின் புருஷன் கிரானில் வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை, லொறி ஓட்டுகிறவன். அவனும் ஒரு சூட்கேசோடுதான் எங்கள் வளவுக்கு வந்து சேர்ந்தான்.

கடல் வந்த அன்று தங்கச்சி வீட்டின் முன்பக்கம் முழுவதும் போனது. அவளோடு இருந்த அம்மாவையும் கொண்டுபோனது. அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதத் தொடங்கினால் வேறு எதையும் எழுதமாட்டேன். பின்னறை இரண்டும் குசினியும் கூரையோடு நின்றன. அத்திவாரம் அசையவில்லை. நல்ல மேசன் ஒருவர் கிடைத்தால் எழுப்பிவிடலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அதற்குள் மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது: கடலிலிருந்து இருநூறு மீட்டருக்குள் யாரும் வீடு கட்டக் கூடாது. கோட்டுக்கு வெளியே நிற்கிற வீட்டுக்குத் திருத்தக் காசு. உள்ளே நிற்கிற வீட்டுக்கு ஒரு சதமும் இல்லை. எங்கேயாவது வேறு வீடு தருவார்களாம். தங்கச்சி வீடு உள்ளேயா வெளியேயா என்பதுதான் எங்களுக்கு அப்போதிருந்த ஒரே கேள்வி.

கோடு கீறக் கொழும்பிலிருந்து ஒரு இளம் பொறியியலாளர் வந்தார். மரியாதையான பிள்ளை. அதை மறைக்க மாட்டேன். கந்தோரில் இருந்த கருவிகள் எல்லாம் என்னுடைய பெட்டியோடு சேர்ந்து சேற்றுக்குள் போய்விட்டன. ஆனால் மூலையில் மூட்டைகள் கிடந்தன. பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று எங்கிருந்தோ வந்த கொம்பாஸ் பெட்டிகள். மூடியில் சிரிக்கிற கரடிப் படம். உள்ளே தகரத்தில் அடித்த கவராயம். பொறியியலாளர் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மேசையில் இருந்தார். என் ஊரை, என் அம்மா கட்டின வீட்டை, கரடிப் பெட்டிக் கவராயத்தால் அளந்தார்.

அந்த வேலை எப்படி என்று சொல்கிறேன். அவர் வைத்திருந்த வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் இரண்டு மீட்டர். ஆகவே கவராயத்தைப் பத்து சென்ரிமீட்டருக்கு விரிக்க வேண்டும். கடற்கரைக் கோட்டில் ஊசியை ஊன்றி ஊர்ப்பக்கமாக ஒரு வில் கீற வேண்டும். கொஞ்சம் தள்ளி ஊன்றி அடுத்த வில். இப்படியே கரை நெடுகப் போய், வில்லுகளின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஒரு கோடு இழுத்தால் அதுதான் இருநூறு மீட்டர்க் கோடு. வேலை சுலபம். ஆனால் கவராயத்தை அடிக்கடி அடிமட்டத்தில் வைத்துப் பத்து பத்தாகவே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கால் தளர்ந்த கவராயம் ஒவ்வொரு வில்லுக்கும் ஒரு மயிரிழை அகலும். கீறுகிறவர் கைக்கு அது தெரியாது.

அந்தக் கோட்டை மையில் எடுத்து எழுதுகிற வேலையை என்னிடம் தந்தார்கள். நானும் ஒரு கரடிப் பெட்டியைத் திறந்து ஒரு வட்டம் கீறிப் பார்த்தேன். வட்டம் தொடங்கின இடத்துக்குத் திரும்பி வரவில்லை. ஒரு நெல்லளவு தள்ளிப்போய் நின்றது. இன்னொன்று எடுத்தேன், அதுவும் அப்படித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பிள்ளைகள் இதை வைத்துச் சோதனை எழுதி வட்டம் பிழைத்தால் பிள்ளையையா தண்டிப்பார்கள், தகரத்தையா? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று எங்கள் தலைமை எழுதுவினைஞர் சிரித்தார். பிடித்துத்தான் பார்க்க வேண்டும் ஐயா, வயிற்றெரிச்சலில் நிற்கிறவனிடம் கொண்டுவந்து தள்ளுகிற மாடு என்றால் இரண்டு தரம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

அன்று பின்னேரமே பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். காத்தான்குடிக்காரர் ஒருவரின் புத்தகக் கடை, நான் படிக்கிற காலத்திலிருந்து, அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டுக்கொண்டு போகிற கடை.

“சும்மா குடுக்கிறாங்களே தங்கச்சி, காசு குடுத்து வாங்க வந்திருக்கீங்க?” என்றார்.

“சும்மா குடுத்தவன்ட கையில அதக் குடுத்து ஒரு வட்டம் கீறச் சொல்லுங்க காக்கா.”

அலுமாரியின் மேல்தட்டிலிருந்து மூன்று எடுத்து வைத்தார். முதலாவதை மூடினால் ஊசியும் பென்சில் முனையும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. தள்ளி வைத்தேன். இரண்டாவதில் பென்சிலைப் பிடிக்கிற வளையம் ஆடியது. மூன்றாவதுக்கு இரண்டு கால்களுக்கும் குறுக்கே ஒரு திருகு இருந்தது. நடுவில் சின்னப் பற்சக்கரம். அதைத் திருகினால்தான் கால் விரியும், திருகினால்தான் ஒடுங்கும். கையால் இழுத்தாலும் அசையாது. ஊசிக்கு ஒரு தோளும் இருந்தது, கடதாசிக்குள் ஆழ இறங்கி ஓட்டையைப் பெரிதாக்காமல். மட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரே வட்டத்தின் மேலேயே திரும்பத் திரும்பக் கீறினேன். கோடு தடிக்கவில்லை.

“மாப்பிள்ள பாக்கிற மாதிரியெல்லா பாக்கிறீங்க” என்றார்.

“மாப்பிள்ளைக்கு நாங்க இவ்வளவு பாக்கல்ல காக்கா.”

அடுத்த நாள் காலையில் கந்தோருக்குப் போய், ஈயமுனையை அரத்தாளில் ஒரு பக்கம் சாய்த்துத் தீட்டி, அடிமட்டத்தில் வைத்துப் பத்து சென்ரிமீட்டருக்குத் திருகினேன். பொறியியலாளர் ஊன்றின ஊசித்துளைகள் வரைபடத்தில் அப்படியே இருந்தன. அவற்றிலேயே என் ஊசியையும் ஊன்றிக்கொண்டு போனேன். ஊரின் வடக்கு மூலையில் என் வில்லும் அவர் வில்லும் ஒன்றாகப் படுத்தன. போகப்போக விலகின. தங்கச்சி வீட்டுக்குப் போகிற எங்கள் ஒழுங்கைக்கு வரும்போது அவருடைய வில் ஆறு மில்லிமீட்டர் ஊர்ப்பக்கமாக ஏறி நின்றது. தரையில் அது பன்னிரண்டு மீட்டர். தங்கச்சி வீடு என் கோட்டுக்கு வெளியே நின்றது. அவருடைய கோட்டுக்கு உள்ளே நின்றது.

ஓடிப்போய்த் தங்கச்சியின் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அளவுநாடாவின் ஒரு நுனியை அவன் பிடித்தான், மற்ற நுனியை நான் பிடித்தேன். அலை ஏறுகிற இடத்திலிருந்து தொடங்கி, முறிந்த தென்னைகளுக்குள்ளால் வீட்டு முன்சுவர் மட்டும் அளந்தோம். இருநூற்றெட்டு. அவன் சந்தோசத்தில் நாடாவைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஆடினான். உண்மையைச் சொல்ல வேண்டும், அன்றைக்கு அவன் நல்லவனாகத்தான் இருந்தான்.

பொறியியலாளரிடம் போனேன். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். கரடிப் பெட்டிக் கவராயத்தைத் தலைகீழாகப் பிடித்து அவர் முன்னால் உலுக்கிக் காட்டினேன். கால் தொங்கி விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

“மிஸ், லிஸ்ட் மாவட்டக் கச்சேரிக்குப் போயிட்டு. ஒரு வீட்டுக்காகக் கோட்ட மாத்தினா எல்லாரும் வருவாங்க.”

“வரட்டும்! எல்லாருக்கும் அளந்து குடுங்க!”

“நாடாவ எந்த இடத்தில இருந்து பிடிச்சீங்க? கடல் எங்க தொடங்குதெண்டு நீங்க தீர்மானிக்க ஏலாதே” என்றவர், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “அது உங்க தங்கச்சிட வீடுதானே, மிஸ்?” என்று கேட்டார்.

“ஓம், எண்ட தங்கச்சிட வீடுதான். அதுக்காக மீட்டர் நீளுமா, குறையுமா?”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அளவாக இல்லை, சொந்தக்காரியின் புலம்பலாகப் போனது. கடிதம் எழுதினேன், கச்சேரிக்கு நடந்தேன், செவிடன் காதில் சங்கு ஊதினேன். கடைசியில் புல்டோசர் வந்து நின்ற சுவர்களையும் தள்ளியது. அந்தக் கோட்டை மையில் எழுதினவளும் நான்தான். எழுதமாட்டேன் என்று சொன்னேன். எழுதாவிட்டால் மற்ற வீடுகளுக்கும் காசு வராது என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன்.

தங்கச்சிக்கு வாவிப்பக்கமாக, முன்பு மாடு மேய்ந்த தரவை நிலத்தில், வரிசையாகக் கட்டின வீடுகளில் ஒன்று கிடைத்தது. பதிய வந்த அலுவலர் “குடும்பத் தலைவர் ஆர்?” என்று கேட்டார். தங்கச்சி “நான்” என்றாள். அவர் சிரித்துவிட்டுப் புருஷனைப் பார்த்தார்.

“எண்ட வீட்டுக்குப் பதிலாத்தானே இத தாறீங்க?” என்றாள் தங்கச்சி.

“ஓம் தங்கச்சி. ஆனா ஆம்புள இருக்கக்குள்ள பொம்புள பேர்ல எழுத ஏலா.”

நான் சத்தம் போட்டேன். எந்த ஊர்ச் சட்டம் இது, எங்கள் குடியில் எந்த ஆணுக்கு வீடு இருந்தது, எங்கள் அப்பாவுக்கு இருந்ததா என்று கேட்டேன். அலுவலர் பேனையை மூடவில்லை. தங்கச்சியின் புருஷன்தான் என்னை அமத்தினான். “ஆர்ட பேர் எண்டா என்ன மச்சாள், எல்லாம் ஒண்டுதானே” என்றான். அவன் பேரில் எழுதினார்கள்.

பிறகு அந்த இருநூறு மீட்டரையே குறைத்துவிட்டார்கள்! என்ன கொழுப்பு! யாருடைய மேசையிலோ யாரோ நினைத்துக்கொள்ள, கோடு கடலுக்குப் பக்கத்தில் போய்விட்டது. எங்கள் ஒழுங்கைக்காரர் சிலர் திரும்பிப் போய்க் கட்டினார்கள். தங்கச்சிக்கு ஏற்கெனவே வீடு தந்தாயிற்றாம், இனி உதவி இல்லையாம். அதற்குள் சண்டை திரும்பத் தொடங்கி, இராணுவம் கடற்கரையில் முட்கம்பி போட்டது. அவளுடைய பழைய வீட்டு வளவு கம்பிக்கு அந்தப்பக்கம் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கந்தோரில் கிடந்த கரடிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கவராயங்களை எடுத்துக் குப்பைக் கிடங்கில் கொட்டினேன். அரசாங்கப் பொருளை வீணாக்கியதாக விளக்கம் கேட்டார்கள்.

யுத்தம் முடிந்தது. பாதைகள் திறந்தன. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் லொறிகள் ஓடின, நிலத்துக்கு விலை ஏறியது. தங்கச்சியின் புருஷனுக்குப் பெரிய லொறி ஒன்றின் மேல் ஆசை வந்தது. வீட்டை விற்றுவிட்டு வாங்குவோம், இரண்டு வருசத்தில் இதைவிடப் பெரிய வீடு கட்டலாம் என்றான். தங்கச்சி மாட்டேன் என்றாள். அவளுக்கு இரண்டும் பெண்பிள்ளைகள். இருக்கிற ஒன்றையும் விற்றால் அதுகளுக்கு எதைக் கொடுப்பது?

சண்டை முற்றினால் எங்கள் பக்கத்தில் சேர்ட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போகிறவன் ஆண். நாலு நாள் தன் அக்கா தங்கச்சி வீட்டில் படுத்துவிட்டு, கோபம் தணிந்ததும் மீனோ மரக்கறியோ வாங்கிக்கொண்டு திரும்பி வருவான். எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். தங்கச்சியும் அன்றைக்கு “வெளிய போ” என்றாள். அவன் போகவில்லை. கதிரையில் இருந்துகொண்டு, “பத்திரத்தில ஆர்ட பேர் இருக்கெண்டு பாத்திட்டுக் கதை. நீ போ” என்றான். கிராம அலுவலரிடம் போனோம், பொலிசுக்குப் போனோம். பேர் அவருடையது, நாங்கள் என்ன செய்ய என்றார்கள். வாங்க வந்தவர்கள் முற்பணம் கொடுத்துவிட்டார்கள்.

தங்கச்சி பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்த நாள் மத்தியானம் அவன் தன்னுடைய லொறியிலேயே அவளுடைய சாமான்களைக் கொண்டுவந்தான். கொண்டுவந்து இறக்கினானே, அந்த மரியாதை இருக்கிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தையல் மெசின், பிள்ளைகளின் கட்டில், பெட்டி. அலுமாரியை முதுகில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு என் விறாந்தைக்குள் ஏறி, மூச்சு வாங்க, “மச்சாள், இத எங்க வைக்கிற?” என்று கேட்டான்.

“வெளிய போ” என்றேன். “இது எண்ட வீடு. இப்பவே வெளிய போ.”

அவன் அலுமாரியை நின்ற இடத்திலேயே மெல்ல இறக்கினான். கழற்றின செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, படலையைத் தாண்டிப் போனான்.

தங்கச்சி பெட்டிக்கு மேலே இருந்தபடி அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நீ சொன்னாப் போறார் அக்கா” என்றாள்.