என் தலையில் விழுந்த பல்லி

இன்று பீங்கான் பட்டறையில் என் தலையில் பல்லி விழுந்தது. இவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாகிறது!

கல்லூரி ஆய்வகத்துக்கு வழவழப்பான டைல்ஸ் வாங்கப் போயிருந்தேன். பல்லியின் கால் எதில் ஒட்டும், எதில் வழுக்கும் என்பதுதானே என் ஆராய்ச்சி.

அங்கே மண் சலிக்கும் அஞ்சலை அக்கா பதறிவிட்டார். "தலையில வுழுந்தா ஆவாதுங்க மேடம். வூட்டுக்குப் போயி தலைக்கு ஊத்திக்கிட்டு, கோயிலுக்குப் போயிட்டு வாங்க."

நானோ பல்லியைப் பிடித்து லென்ஸில் அதன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலடி மெத்தை முழுக்க மாவு மாதிரி மண் தூள். அதனால்தான் பிடி விட்டிருக்கிறது!

ஒரு டைல்ஸைச் சாய்த்து வைத்து அதில் விட்டேன். முதலில் சறுக்கியது. நாலு எட்டு வைத்ததும் தூள் உதிர்ந்து, கால் ஒட்டிக்கொண்டது. விறுவிறுவென ஏறிவிட்டது. வருடக்கணக்காகப் போர்டில் படம் போட்டு நடத்தியதை இன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"இத நாங்க தெனம் பாக்குறோம். இதுக்கா இந்தக் குதி குதிக்கிறீங்க?" என்றார் அக்கா.

காலண்டரில், பல்லி யார் மேல் விழுந்ததோ அவருக்குத்தான் பலன் போட்டிருக்கிறது. ஊரில் இத்தனை தலை இருக்க, பல்லி வாத்தியார் தலையில் போய் விழுந்த பல்லிக்கு என்ன பலன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.