தலைக்கு மேல் போன மதராஸ் விமானம்

கொட்டாஞ்சேனையில் நளீபாவைக் கோபக்காரி என்பார்கள். வாய் நீளம், மாமியாரை மதிக்கத் தெரியாதவள் என்றும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவளுக்கு நடந்தது தங்களுக்கு நடந்திருந்தால் தெரிந்திருக்கும்.

மதராஸ் மண்ணடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தாய்வீடு போவதென்றால் கோட்டை ஸ்டேஷனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, அக்கரையில் மறுபடி ரயில் பிடித்து, இரண்டு இரவு போக வேண்டும். உம்மாவோ நோயாளி. மௌத்தானால் அன்றைக்கே அடக்கிவிடுவார்கள். ஜனாஸா யாருக்காகவும் காத்துக் கிடக்காது. கடைசியாக ஒருதரம் உம்மாவின் முகம் பார்க்கும் கொடுப்பினை தனக்கில்லை என்று நளீபா மனசைத் தேற்றி வைத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் ரத்மலானையிலிருந்து மதராஸுக்கு விமானம் விட்டார்கள். வெள்ளைக்காரன் கொடியை இறக்க நாள் குறித்திருந்த மாதங்கள் அவை. புருஷன் மஜீட் புடவை வியாபாரி. சரக்கெடுக்க முதல் மாதமே பறந்து போய் வந்து, ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டார். காலையில் இங்கே தேத்தண்ணீர் குடித்தால், யாழ்ப்பாணத்தில் இறங்கி ஏறியும் பகல் சோறு மதராஸில்தானாம். கேட்டுக்கொண்டிருந்த நளீபாவுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இனி உம்மாவின் முகம் கிடைக்கும். அன்றிலிருந்து விமானச் சத்தம் கேட்டாலே குசினியை விட்டு வெளியே ஓடி வருவாள்.

ஜனவரியில் ஒரு நாள், விடிந்தும் விடியாமலும் தந்தி வந்தது. உம்மா இரவே மௌத்து, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பின் அடக்கம். மஜீடும் அவர் தாய் பலீலாவும் வாசலில் நின்றபடியே முடிவெடுத்தார்கள். வெறும் வயிற்றில் மௌத்துச் சேதி சொல்லக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். பகல் சோறு தின்னட்டும், பிறகு சொல்லலாம், எப்படியும் அவள் போய்ச் சேரப் போவதில்லையே என்றார்கள். புடவைக்கென்றால் பறக்கத் தெரிந்த மனுஷனுக்கு, பெண்டாட்டியின் உம்மாவுக்கென்றதும் கப்பல்தான் ஞாபகம் வந்தது.

நளீபா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மதராஸ் விமானத்தின் சத்தம் கேட்டதும் வழக்கம்போல ஓடி வந்து, மாமிக்கும் கையை நீட்டிக் காட்டினாள். மாமி நிமிர்ந்தே பார்க்கவில்லை. பகலில் மாமியே பக்கத்தில் இருந்து சோறு போட்டார், மீன் ஆணத்தை இரண்டாம் தரமும் ஊற்றினார். அவள் கை கழுவிய பிறகு சொன்னார்கள்.

நளீபா முதலில் அழவில்லை.

"பிளேன் போகக்குள்ள நான் உங்களுக்குக் கையக் காட்டினேனே, மாமி. அப்பவும் உங்களுக்கு வாய் வரல்லயா?"

"பசியோட அழுதா தாங்கமாட்டீங்க எண்டுதான், மகள்."

"என்ட உம்மாவக் குளிப்பாட்டுற நேரம் எனக்கு ஆணம் ஊத்திக்கிட்டு இருந்தீங்க."

தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். மஜீட், கப்பல் கணக்கில் யோசித்துவிட்டேன் என்று முணுமுணுத்தார். தின்ற சோற்றையெல்லாம் கிணற்றடியில் வாந்தியெடுத்துவிட்டு, அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

உம்மாவின் நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்குப் போய்வர மஜீட் விமான டிக்கெட் வாங்கி வந்து நீட்டினார். நளீபா அதைத் தொடவில்லை.

"திருப்பிக் குடுத்துடுங்க. நான் கப்பல்லயே போறேன். இனி எனக்கு என்ன அவசரம்?"