கண்ணாடிக்கு முதலில் சொன்ன சொற்கள்

திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்குச் செய்தி வந்தது. திருமயத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துச் செவந்தியக்கா எங்கள் வீட்டுக்கு வந்து சேரும் நேரம் அது. கேட் திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன், போன் அடித்தது. அக்காவின் நம்பர்தான். பேசியது அவர் மகள் சுகுணா.

"ஏஞ்சலக்கா, அம்மா இனிமே வராதுக்கா. விடியக்காலைல போயிருச்சு."

கிட்னி இரண்டும் எப்போதோ கெட்டுப்போயிருந்ததாம். ஞாயிறு மதியம் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் அதுவே தெரிந்ததாம்.

செவந்தியக்கா ஏழு மாதம் என் அப்பாவைப் பார்த்துக்கொண்டவர். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆவூர் வீட்டைப் பூட்டிவிட்டுப் புதுக்கோட்டைக்கு என்னோடு கூட்டிவந்தேன். நான் ஆபீஸ் போக வேண்டும். ஒரு ஏஜென்சியில் ஆள் கேட்டேன், இவரை அனுப்பினார்கள். திங்கள் காலை வந்தால் சனி சாயங்காலம் வரை இருப்பார்.

முதல் நாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நல்ல உயரம், அகலமான தோள். கல்குவாரியில் பத்து வருஷம் ஜல்லி சுமந்த உடம்பு. புருஷன் போன பிறகு, எட்டாம் வகுப்புப் படிப்போடு மகளை வளர்த்து நர்ஸிங் சேர்த்திருந்தார். அப்பாவை ஒரே தூக்கில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றினார்.

"பயப்படாதீங்கய்யா. நான் லாரி மாதிரி. எம்புட்டு லோடு ஏத்துனாலும் அச்சு முறியாது."

பேச்சு குழறிப்போயிருந்த அப்பா அன்றைக்குச் சிரித்தார்.

ஏஜென்சி டாக்டருக்குத் தமிழ் தெரியாது. தினமும் காலை ஏழு மணிக்கு, நோயாளி பார்க்க எப்படி இருக்கிறார் என்று நானும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி போட வேண்டும். அதற்காக முப்பது சொற்கள் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். செவந்தியக்காவே எழுத வேண்டும், முடியாவிட்டால் வேறு ஆள் அனுப்புவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். வாரத்துக்கு ஒரு சொல் என்று நான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். தாளில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பென்சிலால் தமிழில் பொருள் எழுதுவேன். திங்கட்கிழமை பையை இறக்கி வைத்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வாரம் என்ன வார்த்தை டீச்சரு?"

டால் என்றால் உயரம். ஷார்ட் என்றால் குட்டை. ஓல்ட், கிரே, பால்ட் எல்லாம் சிரிப்போடு போயின. "ஐயா ஈஸ் பால்ட்" என்று அப்பாவின் வழுக்கையைத் துடைத்துக்கொண்டே பாடுவார். தின் என்றால் மெலிந்த. அந்தச் சொல் வந்தபோதுதான் அவர் கை நின்றது. அப்பா அப்போது நிஜமாகவே மெலிந்திருந்தார்.

"இதை மட்டும் என்னால எழுத முடியாது."

"ஏங்க்கா? பாத்ததத்தானே எழுதுறீங்க?"

"எங்க வீட்டு மனுசன் காச்சல்ல கெடந்தப்ப, 'என்னய்யா இப்பிடி எலும்புந் தோலுமா ஆயிட்டே'ன்னு வாய் தவறிக் கேட்டுட்டேன். ஒம்பதாம் நாளு போயிட்டாரு. மெலிஞ்சவங்களப் பாத்து மெலிஞ்சிட்டேன்னு சொல்லக் கூடாது டீச்சரு. பலிச்சிரும்."

எங்கள் ஆவூரிலும் நோயாளி வீட்டுக்குப் போகிறவர்கள் "தேறிட்டீங்களே" என்றுதான் சொல்வார்கள். ஆனால் எழுதாவிட்டால் வேலை போய்விடும் என்பதை நினைவூட்டினேன்.

மறுநாள் காலை அப்பா அறையில் குரல் கேட்டது. பீரோ கண்ணாடிக்கு முன்னால் செவந்தியக்கா நின்றிருந்தார்.

"ஐ ஆம் தின்," என்றார் கண்ணாடியைப் பார்த்து, சாமிக்குச் சொல்வதுபோல. அப்புறம்தான் போனை எடுத்து, "ஹி ஈஸ் தின்" என்று அடித்தார்.

"என்னக்கா இது?"

"மொதச் சொல்லுலதான் வெசம். அத நான் வாங்கிட்டேன்னா அப்பறம் போறது வெறும் எழுத்து. ஐயாவ ஒண்ணும் செய்யாது."

"ஒங்களுக்குப் பலிச்சிட்டா?"

"பலிக்கட்டுமே. நாலு கிலோ கொறஞ்சா பஸ்ஸுல ஒரு சீட்டுல உக்காருவேன்."

இருவரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு கெட்ட சொல் ஒவ்வொன்றும் முதலில் கண்ணாடிக்குப் போய்விட்டுத்தான் வந்தது. பேல் என்றால் வெளிறிப்போவது. டல், டயர்ட், வீக். ஸ்வோலன் என்றால் வீங்கியிருப்பது. அப்பாவின் கால் வீங்கியிருந்த நாட்கள் அவை. வாரங்கள் போகப்போக அப்பாவின் கன்னத்தில் சதை வந்தது, வீக்கம் வடிந்தது. வலது கையால் தானே சாப்பிட்டார். டாக்டர் கட்டைவிரல் படம் போட்டுப் பாராட்டினார். செவந்தியக்கா ஜாக்கெட்டை ஒரு முறை பிடித்துத் தைத்துக்கொண்டார். பிறகு இன்னொரு முறை.

"டயட்டாக்கா?"

"ஒங்க ஐயா சதைய நான் திருடல, அவருதான் என்னோடதத் திருடிட்டாரு," என்றார்.

மழைக்காலம் தொடங்கியபோது அவர் செருப்பு நுழையவில்லை. கால் இரண்டும் பொதபொதவென்று இருந்தன. முகத்தில் அந்தப் பழைய கறுப்பின் மினுமினுப்பு போய், சாம்பல் பூசியதுபோல் ஆகிவிட்டது. ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்று இரண்டு தடவை சொன்னேன். சுகுணா பரீட்சை முடியட்டும் என்றார் ஒரு தடவை. இன்னொரு தடவை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சரு, தாளுல கடைசி ரெண்டும் நல்ல வார்த்தைன்னீங்களே. அத மொதல்லயே சொல்லிக் குடுத்துருங்களேன். ஒரு நாளைக்காவது அதச் சொல்லிப் பாக்குறேன், கண்ணாடிகிட்ட."

"இன்னும் ரெண்டே வார்த்தை நடுவுல இருக்குக்கா. வரிசையாப் போனாத்தான் மறக்காது," என்றேன். பள்ளியில் நான் கற்ற முறை அது. அடுத்த இரண்டு திங்கட்கிழமையும் வந்து, நடுவில் இருந்த இரண்டையும் கற்றுக்கொண்டார். ஒன்று சிக், நோயுற்ற. மற்றது ஸ்டில், அசையாத. ஸ்டில் சொல்லிக்கொடுத்த வாரம் தினமும் கண்ணாடி முன் வெகுநேரம் நின்றார். அந்தச் சனிக்கிழமை கிளம்பும்போது, "திங்கக்கெழம நல்ல வார்த்தை, மறந்துறாதீங்க. வாரேன்," என்றார்.

கிட்னி கெட்டால் ஆள் வெளிறுவதும் வீங்குவதும் இயற்கை. அது எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே உள்ளே அந்த நோய் இருந்திருக்கலாம் என்று சுகுணாவும் சொன்னாள். ஆனால் துக்கத்துக்குப் போய்விட்டு வந்து போனில் பழைய ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எந்தச் சொல் எந்த வாரம் அப்பாவை விட்டுப் போனது என்று அதில் தெரிகிறது. அதே சொல் அக்கா மேல் எப்போது தெரிய ஆரம்பித்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. இரண்டும் ஒரே வரிசை. தாளில் இருக்கும் வரிசை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் திங்கட்கிழமை சுகுணாவிடம் பேசி முடித்து, என்ன செய்வதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டு, பிறகு அப்பா அறைக்குப் போனேன். அவரிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. மணி ஏழு. அவர் தானாகவே எழுந்து உட்கார்ந்து, கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தார். எட்டு மாதமாக ஒரு முழு வாக்கியம் பேசாதவர், குழறல் இல்லாமல் கேட்டார்.

"இந்த வாரம் என்ன வார்த்தை டீச்சரு?"

கேட்டது என்னிடம் இல்லை. கண்ணாடியில் அவர் பார்த்தது அக்கா வழக்கமாக நிற்கும் இடத்தை; நான் அங்கே நிற்கவில்லை.

இப்போது அப்பா நன்றாக இருக்கிறார். ஏஜென்சியிலிருந்து புது ஆள் வருகிறார். அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியும், தாள் தேவையில்லை. அது பீரோ கண்ணாடியின் ஓரத்தில் செருகியபடியே இருக்கிறது. இருபத்தெட்டுச் சொற்களுக்கு எதிரே என் பென்சில் எழுத்து இருக்கிறது. பிரைட், ஹெல்தி இரண்டுக்கும் பொருள் எழுதவில்லை.